ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட்: தொழிலாளர்களைப் பற்றிப் படிக்க எந்த வாசல் வழியாக நுழைவது?

அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டுக் காகிதம். பெயர், வாரம், அட்வான்ஸ் பிடித்தது, கையில் கொடுத்தது. நடுவே பேனாவில் ஒரு வரி: நாள் 6, ஷிப்ட் 9.

“ஆறு நாள்ல ஒம்பது ஷிப்ட் எப்படிங் மாமா வருது?”

கணக்கு அவளுக்குத் தெரியும். திருப்பூரில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் அது ஒன்றரை ஷிப்ட். ஆறு ஒன்றரை ஒன்பது. ஒரு நாளுக்குள் ஒன்றரை நாளை வைக்கலாம் என்று யார் முடிவு செய்தது, ஊர் முழுக்க அது எப்படிப் பழக்கமானது என்பதுதான் அவள் கேள்வி. இதைப் பற்றித் தனியாக ஒரு படிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எங்கே தொடங்குவது என்றாள். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பதினொரு வருடம் பனியன் கம்பெனியில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் இருந்தவன். பிறகு அஞ்சல் வழியில் தொழிலாளர் சட்டம் படித்தேன். இந்தப் படிப்புக்குள் போக எனக்குத் தெரிந்து ஐந்து வாசல்கள் இருக்கின்றன: பட்டம், சட்டம், வரலாறு, புள்ளிவிவரம், களம். ஒவ்வொன்றிலும் கொஞ்ச தூரமாவது நடந்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை எழுதிவைத்தால் கொங்குப் பக்கத்தில் இதே கேள்வியோடு இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் எதைப் படிக்கப் போகிறோம்?

இந்தப் படிப்புக்கு வயது அதிகம். எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்து எழுதியது 1845இல் வெளியானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் உருவானது. நம் பக்கத்தில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பொருளாதாரம், சட்டம், வரலாறு, சமூகவியல் எல்லாம் இந்த ஒரு படிப்புக்குள் வந்து கலக்கின்றன. எங்கே தொடங்குவது என்று குழப்பம் வருவதும் இதனால்தான்.

அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் சம்பளம் கொடுத்து இன்னொருவரை வேலைக்கு வைக்கும்போது எதை வாங்குகிறார்? துணி வாங்கினால் மீட்டர் தெரியும், நூல் வாங்கினால் கிலோ தெரியும். ஆளை வேலைக்கு எடுத்தால் அவருடைய நேரம்தான் கைக்கு வருகிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கும் என்பது தினமும் மிஷின் பக்கத்தில்தான் முடிவாகிறது. ஷிப்ட் சம்பளம் என்றால் சூப்பர்வைசர் பின்னால் நின்று துரத்துவார். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்றால் துரத்த ஆள் வேண்டாம், டெய்லர் தன்னைத் தானே துரத்திக்கொள்வார். இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால் பாடத்தின் பாதி விளங்கியது மாதிரி.

பட்டப்படிப்பு

வேலைதான் முதல் தேவை என்றால் நேராக இங்கே போகலாம். கோவையில் பல கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை இருக்கிறது, இரண்டு வருடப் படிப்பு, மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சென்னையில் மாநில அரசு நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. இருக்கின்றன. நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம் 1974 முதல் ஆய்வும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது.

படித்தால் வேலை உண்டு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று இருந்தது. புதிய சட்டத் தொகுப்பில் அதை 250 ஆக்கியிருக்கிறார்கள். ஏற்றுமதி கம்பெனிகளில் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டுக்குக் கணக்கு காட்டவும் இந்தப் படிப்பு படித்தவர்களைத்தான் தேடுவார்கள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிப்புகளில் பல, ஆளை எப்படி நிர்வகிப்பது என்பதற்குக் கொடுக்கும் பக்கங்களை அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்பதற்குக் கொடுப்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இரண்டு வருகைப் பதிவேடு இருந்தது. ஒன்று சம்பளத்துக்கு, ஒன்று ஆடிட்டுக்கு. இரண்டையும் எழுதியது என் கைதான். ஆடிட் நோட்டில் எல்லாரும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்று ஐந்தரைக்கு மிஷினில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை அப்படி எழுதிய கை என்பதால், இந்த விஷயத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பட்டம் வாங்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு, எந்த நோட்டு உண்மை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிக்குள் மட்டும் இருந்தால் அது தெரிய வராது.

சட்டம்

குறைந்த காலத்தில் அதிகம் கைக்கு வரும் வழி இது. சீட்டில் இருந்த அதே வரியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், சம்பளம் 480 ரூபாய் என்று வைப்போம். மணிக்கு 60. வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் என்றால் 4,320 ரூபாய். சட்டப்படி பார்த்தால் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதற்கு 2,880. மீதி 24 மணி நேரம் ஓவர்டைம், அதற்கு இரட்டிப்புக் கூலி, மணிக்கு 120. அதுவும் 2,880. மொத்தம் 5,760 வர வேண்டும். வித்தியாசம் வாரத்துக்கு 1,440 ரூபாய்.

இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டியபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ‘ஓவர்டைம்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு ‘அரை ஷிப்ட்’ என்று வைத்ததில் இத்தனை பணம் மறைந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இரட்டிப்புக் கூலி இருக்கிறது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

தொகுப்பு என்று சொல்வது இதைத்தான்: 29 மத்தியச் சட்டங்களை எடுத்து நான்காகக் கட்டினார்கள். ஊதியத்துக்கு 2019இல் ஒன்று; தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு 2020இல் மூன்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆகவே இப்போது படிக்கத் தொடங்குபவர்கள் பழைய நோட்ஸை மட்டும் நம்பக் கூடாது. ஒரு உதாரணம்: மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் பழைய சட்டத்துக்கு அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். திருப்பூர்ச் சந்துகளில் பவர் டேபிள் என்ற மின் தையல் மிஷின்கள் போட்டுப் பதினைந்து பேரை வைத்துத் தைக்கும் யூனிட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு எண் மாறியதில் எத்தனை கதவுகள் தொழிற்சாலைக் கணக்குக்கு வெளியே போய்விட்டன!

சரி, சட்டம் மட்டும் போதுமா? அன்றைக்கே அவள் அம்மாவிடம் போய், “உங்களுக்கு வாரம் ஆயிரத்து நானூறு ரூபா வரோணும்மா” என்று சொல்லியிருக்கிறாள். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “ஒன்றரை ஷிப்ட் ஓடாத கம்பெனிக்கு எவ கண்ணு போவா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். அடிப்படைச் சம்பளம் மட்டும் வாங்கினால் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியாது. அதனால் ஆட்களே அரை ஷிப்ட் உள்ள கம்பெனியைத் தேடிப் போகிறார்கள். என்ன வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏன் கேட்பதில்லை என்பதற்கு அதில் பதில் இல்லை.

வரலாறு

ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு பதில் இங்கே கிடைக்கும்: ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கும் மேல். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது, வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகவும் கான்ட்ராக்டர்களிடமும் பிரிந்து போனது, பெண்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். ஒரே கேட்டுக்குள் ஆயிரம் பேர் இருக்கும் மில்லில் சங்கம் கட்டுவதும், ஐம்பது சந்துகளில் இருபது இருபது பேராகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் கட்டுவதும் ஒன்றாகிவிடுமா?

கோவை ஆயிரம் பேர் ஒரே கேட்டுக்குள் இருந்த ஊர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. கிணறுகளில் மோட்டார் ஓடியதும் அதே மின்சாரத்தில்தான். பம்ப்செட்டும் பவுண்டரியும் இந்த ஊருக்குச் சொந்தமானது அந்த வழியில். மில் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் அடுப்புப் பற்றவைத்த தலைமுறை ஒன்று பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருந்தது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையத்தில் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகும் எத்தனை கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த நாலு பெயர் தெரியும்? எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மில்லுக்கும் முன்னால் காடு. கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம். ‘காட்டு வேலைக்குப் போறேன்’ என்பதை வெளியூர்க்காரர்கள் வனத்துக்குப் போவதாகப் புரிந்துகொள்வார்கள். பண்ணயத்தில் வருடக் கணக்குக்கு ஆள் வைத்து, கூலியைத் தானியமாக அளந்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் குடும்பங்கள். அந்த வீட்டுப் பேத்திகள் இன்று பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியைப் பார்க்காமல் கொங்குத் தொழிலாளர் வரலாறு படித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. யார் எந்த வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள், யார் சூப்பர்வைசர் ஆகிறார்கள், யாருக்கு மிஷின் வாங்கக் கடன் கிடைக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் சாதி குறுக்கே வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போகாமல் நின்று எழுத வேண்டும்.

வரலாற்றுக்கு இரண்டு குறைகள். நல்ல புத்தகங்களில் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன, விலையும் அதிகம். அடுத்தது, பழைய ஆவணங்களில் போலீஸும் கலெக்டரும் முதலாளியும் எழுதியது நிறைய, தொழிலாளி தன் வாயால் சொன்னது கொஞ்சம். ஆனால் 1984 அப்படி இல்லை. அந்த வருடம் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கிறது. நம் தெருவிலேயே இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்கப் போனால் பலர் இருக்க மாட்டார்கள்.

எண்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் தொடக்கத்துக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. 2017 முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாக நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பும், பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வும் பெரிய பொக்கிஷங்கள். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. பி.காம். படித்தவளுக்கு அட்டவணை பயம் இருக்காது.

ஆனால் எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்காமல் அட்டவணையைத் தொடக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறார். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கெடுக்க வருபவர், “என்ன வேலைங்கம்மா செய்யறீங்க?” என்று கேட்டால், “சும்மாதாங் இருக்கறேன்” என்பார். வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் என்று 92ஆம் குறியீட்டில் அவர் பதிவாகிவிடுவார். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே! அந்தத் திண்ணையை ஒரு தடவை பார்த்தவர்கள் அட்டவணையை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

களம்

நான் கடைசியில் கை காட்டியது இதைத்தான். மற்ற நான்கு வாசல்களுக்கும் சாவி இங்கே கிடைக்கிறது என்பதே காரணம். இரட்டிப்புக் கூலி ஏன் கேட்கப்படுவதில்லை, 1984 எப்படி நினைவில் இருக்கிறது, 92 என்ற எண் எப்படி விழுகிறது என்று எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு ஆளிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்குப் போனோம். தெரிந்தவர் நடத்துவது. ஓட்டு வீட்டின் முன் கட்டில் எட்டு மிஷின், மூன்று ட்யூப் லைட், மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. ஓவர்லாக் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஒரு டெய்லரின் மிஷினுக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த சின்ன நோட்டு ஒன்று நூல் கோன் அட்டைக்குள் செருகி இருந்தது. அன்றைக்கு எத்தனை டஜன் தோள்பட்டை அடித்தார், எத்தனை டஜன் கழுத்து ரிப் வைத்தார் என்று கோடு கோடாகப் போட்டிருந்தார். கான்ட்ராக்டரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். “அவர் நோட்டும் உங்க நோட்டும் ஒத்துப் போகலீன்னா?” என்று இவள் கேட்டாள். அவர் மிஷினை நிறுத்தாமலே, “அவரு நோட்டுதான்” என்றார்.

இந்த இரண்டு வார்த்தையை எந்த வகுப்பில் கற்றுக்கொள்ள முடியும்? இரண்டு கணக்கு, ஒரு அதிகாரம். டைம் ஆபீஸில் இருந்த எனக்கு இது புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனாலும் அன்றைக்குத்தான் டெய்லர் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டேன்.

அடுத்த வாரம் விசைத்தறி ஊரான சோமனூருக்குப் போகச் சொன்னேன். அங்கே வேறு ஒரு சிக்கல். எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவர், அவரும் மனைவியுமே தறி ஓட்டுகிறார்கள், ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி அவருடையது, கரண்ட் பில் அவருடையது, ஆனால் வருமானத்துக்குப் பெயர் கூலி. இவர் முதலாளியா, தொழிலாளியா? கூலி உயர்வு கேட்டு 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறி உரிமையாளர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். உரிமையாளர்கள் செய்த வேலைநிறுத்தம்! புத்தகத்தில் முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று படித்தவர்கள் சோமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அந்தக் கோட்டை அழித்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

காவிரிக்கரைக்குப் போனால் இன்னொன்று. குமாரபாளையம் தறிகளில் ஆள் சேரும்போது முன்பணம் வாங்குவார். அதைப் பாக்கி என்பார்கள். பாக்கி இருக்கும் வரை வேறு தறிக்குப் போக முடியாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போனால் இது நேராகக் கொத்தடிமை என்றுதான் தோன்றும். 1990களில் அங்கே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கெயர்ட் டி நேவ் இன்னொரு பக்கத்தையும் எழுதினார்: ஆள் பற்றாக்குறை இருக்கும்போது தொழிலாளர்களே பெரிய பாக்கி கேட்டு வாங்குகிறார்கள், சிலர் அதைக் கட்டாமலே வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள், பணம் கொடுத்த தறிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஆளைக் கட்டிப்போடும் அதே கயிறு கொடுத்தவரையும் கட்டுகிறது. மாதக் கணக்கில் அந்த ஊரில் டீ குடித்து உட்கார்ந்திராமல் இதை எழுதியிருக்க முடியாது.

அதே காலத்தில் திருப்பூரில் ஆய்வு செய்த ஷரத் சாரி ஒரு வார்த்தையைப் பிடித்தார்: உழைப்பு. தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர்களிடம் எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால், எங்கள் உழைப்பால் வந்தோம் என்பார்கள். யாருடைய உழைப்பு, யாருக்கு மேலே வர வழி இருந்தது, யாருக்கு இல்லை என்று அந்த ஒரு சொல்லை வைத்தே தோண்டினார். நம் வீட்டில் தினமும் புழங்கும் சொல் அது. நமக்குத்தான் தோண்டத் தோன்றவில்லை.

களத்துக்கும் ஆபத்து உண்டு. அதைச் சொல்லாமல் அவளை அனுப்பினால் தப்பு. கம்பெனி கேட் முன்னால் நின்று சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பதில் சொன்னவருக்கு வேலை போகும். போனை நீட்டி ரெக்கார்ட் செய்யக் கூடாது. நோட்டில் உண்மைப் பெயர் எழுதக் கூடாது. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களிடம் பேசுவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. சுமங்கலித் திட்டம் என்று மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிச் சேர்த்த காலத்திலிருந்தே அந்த ஹாஸ்டல்களுக்குள் வெளியாள் நுழைவது கடினம். அவர்கள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது வீட்டில் வைத்துப் பேசுவதுதான் முறை. வடமாநிலத்துத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழி தெரியாமல் போய் அரைகுறையாகக் கேட்டு எழுதுவதைவிட, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் வரை காத்திருக்கலாம். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது அவர்கள் பயந்து ரயில் ஏறிய ஊர் இது. வெளியாள் நோட்டோடு வந்தால் அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

முடிவு

எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. குடும்பத்தில் அடுத்த மாதமே சம்பளம் வர வேண்டும் என்ற நிலை இருந்தால் பட்டப்படிப்பில் சேருவதே சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏற்கெனவே கம்பெனியிலோ மில்லிலோ வேலை செய்துகொண்டு இதைப் படிக்க நினைப்பவர்கள் சட்டத்தில் தொடங்கட்டும். களம் அவர்களுக்குத் தினமும் எட்டு மணி நேரம் கிடைக்கிறது, பத்து மணி நேரம்கூடக் கிடைக்கிறது. இந்த வேலைகளோடு வீட்டில் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள் வரலாற்றை முதலில் படிப்பது நல்லது. ஒன்றும் தெரியாமல் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து, உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது அவர் நேரத்துக்குச் செய்யும் அவமரியாதை. சின்னியம்பாளையம் எது என்று தெரிந்துகொண்டு போனால், எதிரில் இருப்பவர் பேசும் விதமே மாறும்.

அக்கா மகள் இந்த மூன்றிலும் சேர மாட்டாள். அம்மா பனியன் கம்பெனி, பெரியப்பா விசைத்தறி, தாத்தா காட்டு வேலை. மூன்று விதமான வேலையும் ஒரே வீட்டில் இருக்கிறது. அவளுக்கு நான் சொன்னது: ஆறு மாதம் களம், கூடவே சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடம் பேசு, திங்கள் முதல் வெள்ளி வரை அவர் சொன்னதில் சட்டம் தொடும் இடங்களைத் தேடிப் படி. வரலாறு ராத்திரிப் படிப்பாக ஓடட்டும். அடுத்த வருடச் சேர்க்கை வரும்போது எம்.எஸ்.டபிள்யூ.வா, சென்னையா என்று முடிவு செய்துகொள்ளலாம். அப்போது வகுப்பில் ‘பணி நேரம்’ என்று பாடம் எடுத்தால் இவளிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

அக்காவுக்கு இதில் அரை மனதுதான். ஆறு மாதம் வீணாகிவிடுமோ என்று பயப்படுகிறார், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் காலையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேர வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அவளுடைய முதல் நோட்டில் முதல் பக்கம் அம்மாவைப் பற்றித்தான். பெயர் இல்லை, ‘செக்கிங், வயது 46’ என்று மட்டும் இருக்கிறது. முதல் கேள்வியாகச் சம்பளத்தைக் கேட்காதே, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேள் என்று சொல்லியிருந்தேன். நாலே முக்கால் என்று தொடங்கி ஒன்பது பக்கம் போயிருக்கிறது. வெளியாட்களைப் பார்க்கப் போவதற்கும் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், சம்பளம் வாங்கி, கடைக்குப் போய், சீட்டுப் பணம் கட்டும் நேரம். ஞாயிறு காலையும் வேண்டாம், ஒரு வாரத் துணி அன்றைக்குத்தான் துவைப்பார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல், கறிச்சோறு சாப்பிட்டு வாசலில் பாய் போட்டு உட்காரும்போது போகலாம்.